மாடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

மூஸ் மானின் கொம்பு தரையைத் துளைத்துக்கொண்டு வந்தபோது மதாம் மால்டே முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதலில் நாற்காலி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்து, காலுக்கு முன்னால் இருந்த லினோலியம் தரைவிரிப்பு பூரிபோல் உப்பி, நடுவில் கிழிந்தது. கிழிசலின் வழியே பழுப்பு நிறத்தில் கூராக ஏதோ ஒன்று விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தது.

"லூசெட், உன் வீட்டுக்குக் கீழ என்னடி வளக்குற?" என்றார் மதாம் மால்டே.

லூசெட் சீப்பும் கையுமாகக் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. குதிகாலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தாள். "ரொசேர்! நிறுத்து! ரொசேர்!" கீழேயிருந்து மோட்டார் உறுமும் சத்தம்தான் வந்தது. கொம்பு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அவள் வெளிப்படிக்கட்டில் செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள். அக்டோபர் கடைசி, படிகளில் உறைபனி. கீழே போனதும் கணவனின் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து பிடுங்கி எடுத்தாள். பிறகுதான் அவன் காதடைப்பைக் கழற்றிவிட்டு, "என்ன, சாப்பாடா?" என்றான்.

ரொசேர் கிராவெல் நிதானம் தெரியாதவன் என்று லா பே ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அலுமினிய ஆலையின் உலைக்கூடத்தில் கிரேன் ஓட்டியே வயதானவன். கொதிக்கும் உலோகம் நிறைந்த வாளியை ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கியவன். ஆலை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது இடது காதின் பெரும்பகுதியையும் வலது காதில் கொஞ்சத்தையும்தான். பணி ஓய்வு பெற்றபோது மற்றவர்கள் ஃபுளோரிடாவுக்கு டிக்கெட் எடுத்தார்கள். ரொசேர் காரைத் தூக்கும் லிஃப்ட் வாங்கினான். இரண்டு இரும்புத் தூண்கள், நான்கு கைகள், ஒரு மோட்டார். வீட்டுக்குக் கீழே இருக்கும் கராஜில் அதை நிறுத்தினான். மேலே, அதே கராஜின் தலைமேல், லூசெட்டின் பார்லர்.

வாங்கிய வருடத்திலேயே அது தெருவின் லிஃப்ட் ஆகிவிட்டது. டிசம்பர் பிறப்பதற்குள் எல்லோரும் பனிக்கால டயர் மாட்டியாக வேண்டும். கடைகளில் மூன்று வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். ரொசேர் வீட்டில் சனிக்கிழமை காலை வந்தால் போதும். காசு வாங்கமாட்டான். புளூபெரி ஜாம் வரும், உப்பிட்ட கீரை பாட்டிலில் வரும், பீர் வரும். நான்கு டயர் மாற்றும் நேரத்தில் ஊர்க்கதை முழுவதும் பேசி முடியும். ஆலையை விட்டு வந்த பிறகு அவனைத் தேடி ஆட்கள் வரும் ஒரே இடம் அதுதான். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் அவன் முகச்சவரம் செய்துகொள்வதைப் பார்த்தாலே லூசெட்டுக்குத் தெரியும்.

அன்றைக்கு லிஃப்டில் இருந்தது மச்சினன் க்ளெமானின் பிக்கப் வண்டி. பத்து தடவையாவது அதே லிஃப்டில் ஏறி இறங்கிய வண்டி. எவ்வளவு உயரம் போகலாம் என்று தூணில் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருந்தான் ரொசேர். கூரை தாழ்வு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு உண்டு. கோட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்தான் தூக்கினான். வண்டியின் தலையில் க்ளெமான் மூஸ் மானின் கொம்பைக் கட்டி வைத்திருந்தது அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

க்ளெமானோ வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வேட்டைக் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வேட்டை முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சே, அந்தக் கொம்பை இன்னும் எதுக்குடா சுமந்துகிட்டுத் திரியுற?" என்று லூசெட் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பதினெட்டு கிளை! சர்ச்சுக்குப் பின்னால இருக்கிற தெருக்காரங்க இன்னும் பாக்கல."

"மதாம் மால்டே பாத்துட்டாங்க. அவங்க போதும், ஊருக்கே சொல்லிடுவாங்க."

"கொம்புக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்றான் க்ளெமான்.

ஒரு கிளை முறிந்திருந்தது. சர்ச்சின் பூசைப் பாத்திரங்களின் பெயரை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லித் திட்டித் தீர்த்தான். அந்த ஊரில் அப்படித்தான் திட்டுவார்கள்.

மாலையில் லூசெட் தீர்ப்பைச் சொன்னாள். சத்தம் போடவில்லை, அதுதான் ரொசேரைப் பயமுறுத்தியது.

"என் நாற்காலியில உக்காந்திருக்கிறவங்க என்னை நம்பி உக்காந்திருக்காங்க. கொம்பு இன்னும் நாலு விரல் தள்ளி வந்திருந்தா அவங்க கால்ல ஏறியிருக்கும். நான் கத்தினேன், உனக்குக் கேக்கல. நாளைக்கும் கேக்காது. அந்த மெஷின் தானா நிக்கணும். தானா நிக்கிற வரைக்கும் ஒரு வண்டியும் மேல ஏறக் கூடாது. முடியலைன்னா வித்துடு."

"வித்துடுறதா? டயர் மாத்துற சீசன்ல?"

"சீசன் முடியற வரைக்கும் டைம் தரேன்ல. அது நல்ல மனசு."

மறுநாளே ரொசேர் வேலையில் இறங்கினான். பெரிய பட்டறைகளில் இருக்கும் லிஃப்டுகளில் தூண்களின் உச்சியை இணைத்து ஒரு குறுக்குக் கம்பி போகும். வண்டியின் தலை அதில் பட்டால் ஸ்விட்ச் விழுந்து மோட்டார் நின்றுவிடும். தாழ்ந்த கூரைக்காக அவன் வாங்கியது குறுக்குக் கம்பி இல்லாத வகை. ஆகவே தானே ஒன்று செய்தான். ஒரு அலுமினியக் குழாய்க்கு ரப்பர் சுற்றி, கூரைக்கு ஒரு முழம் கீழே கீல் வைத்துத் தொங்கவிட்டு, ஒரு முனையில் சின்ன ஸ்விட்ச் பொருத்தினான். குழாயை உள்ளங்கையால் தொட்டாலே போதும், மோட்டார் பட்டென்று நிற்கும். க்ளெமான் அதை இருபது தடவை தட்டிப் பார்த்தான்.

"மச்சான், இது போதும். அக்காவைக் கூப்பிடு."

லூசெட் இறங்கி வந்தாள். கையில் துடைப்பம்.

"பெருக்க வந்தியா?" என்றான் ரொசேர்.

"பரீட்சை வைக்க வந்தேன்."

பிக்கப்பின் பின்பக்கத் தட்டில் துடைப்பத்தை நட்டமாக நிறுத்தி, கயிற்றால் கட்டினாள். "இப்போ தூக்கு." ரொசேர் தூக்கினான். வண்டி எழுந்தது. வண்டியின் தலை குழாயை எட்டுவதற்கு இன்னும் இடம் இருந்தது. அதற்குள் பின்னால் இருந்த துடைப்பத்தின் குச்சி கூரைப் பலகையில் போய் முட்டி, வளைந்து, படீரென்று முறிந்தது. குழாய் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

லூசெட் குழாயை அண்ணாந்து பார்த்தாள்.

"கம்பி தொங்குற இடத்துலதான் வரணும்னு ஆபத்துகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றாள் லூசெட். "க்ளெமான், நீயா?"

"இன்னும் ரெண்டு குழாய் போடலாம்," என்றான் ரொசேர்.

"பத்து போடு. கொம்பு, ஏணி, பனிச்சறுக்குக் கட்டை, படகு. இந்த ஊர்க்காரங்க வண்டி மேல எதைக் கட்டமாட்டாங்க? உன் மெஷின் என்ன பண்ணுதுன்னு எனக்கு மேல நல்லாத் தெரியுது. தரை அதிருது. கண்ணாடி ஆடுது. நிறுத்துற பட்டன் ஒண்ணை எங்கிட்ட குடு."

ரொசேர் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நீ ஒருத்தர் தலைக்கு சாயம் பூசிக்கிட்டு இருப்ப. ஏதோ சத்தம்னு அமுக்கிடுவ. கீழ வண்டி அந்தரத்துல நிக்கும். ஜனங்க பாத்துச் சிரிப்பாங்க, பொண்டாட்டி பட்டனை அமுக்கினாத்தான் ரொசேர் நிப்பான்னு."

"அதை இப்பவே சொல்றாங்க," என்றான் க்ளெமான்.

"நீ வாயை மூடு."

"ஜனங்க சிரிக்கிறதுக்கும் தரையில ஓட்டை விழறதுக்கும் நடுவுல எது பரவாயில்லைன்னு யோசிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு லூசெட் முறிந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

இரண்டு நாள் ரொசேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வந்தது. டயர்களோடு வந்தவர்களிடம் "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். கராஜுக்குள் தனியாக உட்கார்ந்து, சவரம் செய்த கன்னத்தைத் தடவிக்கொண்டே அந்த இரண்டு தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆலை நினைவுக்கு வந்தது. கிரேன்காரனுக்குச் சைகை காட்டக் கீழே ஒருவன் நிற்பான். ஏற்று, இறக்கு, இடப்பக்கம் போ என்று அவன் ஒருவன்தான் சொல்லலாம். ஆனால் 'நில்' என்று கை தூக்குவதற்கு யாருக்கும் உரிமை உண்டு. கூட்டுகிறவன் தூக்கலாம், வேடிக்கை பார்க்க வந்தவன் தூக்கலாம். ஒருமுறை கேன்டீன் பெண் ஒருத்தி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். ரொசேர் அந்தக் கணமே நிறுத்தினான். சங்கிலி முறுக்கிக்கொண்டதுபோல் அவளுக்குத் தோன்றியதாம். முறுக்கவில்லை. யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. மேஸ்திரி நன்றி சொல்லி அனுப்பினார். வேலைக்காலம் முழுவதும், என்னை நிறுத்த நீ யார் என்று ரொசேர் ஒருவரையும் கேட்டதில்லை. முன்பின் தெரியாத கேன்டீன்காரிக்குக் கொடுத்ததை லூசெட்டுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அடம் பிடிப்பது அவனுக்கே அசிங்கமாகப் பட்டது.

எழுந்து போய்க் கடையில் சிவப்புப் பொத்தான் வாங்கி வந்தான். காளான் மாதிரி தலை பெரிதாக இருக்கும் வகை. ஒருமுறை அமுக்கிவிட்டால் அமுங்கியபடியே நிற்கும், திருகினால்தான் விடும். மோட்டாரின் பெரிய கரன்ட் பக்கத்தை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ரிலே வைத்துப் பிரித்துக் கொடுத்தார். அதிலிருந்து ஷாக் அடிக்காத சிறு கரன்ட்டில் ஒரு மெல்லிய ஒயர் மேலே போக வேண்டும். எந்த வழியாக இழுப்பது என்று எலக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்தார். கூரையில் தயாராக ஒரு ஓட்டை இருந்தது.

"இது யாரு போட்டது? அளவு கச்சிதமா இருக்கே," என்றார்.

"மச்சினன் அனுப்பின மூஸ் மான் போட்டது," என்றான் ரொசேர்.

பொத்தான் பார்லரில் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏறியது. வாடிக்கையாளர்களின் முழங்கை படாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அமுக்கினால் கீழே ரொசேரின் கண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு விளக்கு எரியும். காதை நம்ப வேண்டியதில்லை. குழாயையும் அவன் கழற்றவில்லை. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் இருக்கட்டும் என்றான். ஏற்றத்தை நிறுத்தத்தான் பொத்தான். இறக்குவதற்குக் கைப்பிடி தனி, அது அவன் கையில்தான்.

"மேல நான் அமுக்கினதைக் கீழ நீ திருகி விட முடியுமா?" என்று லூசெட் கேட்டாள்.

"முடியாது. நீதான் விடணும்."

அவள் ஒருமுறை அமுக்கி, திருகி விட்டுப் பார்த்தாள். "சரி. சனிக்கிழமை ஆரம்பி."

மதாம் மால்டேதான் முதல் ஆளாக வந்து அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கூண்டுக்குள் தலை இருந்தாலும் கை பொத்தானுக்கு எட்டும் இடம் என்று காரணம் சொன்னார்.

முதல் சனிக்கிழமை லூசெட் இரண்டு தடவை அமுக்கினாள். முதல் தடவை ஜன்னல் வழியே பார்த்த ஒரு காரின் தலைமேல் இருந்த பெட்டி இடிக்கப்போகிறது என்று நினைத்து. இடித்திருக்காது, ஆனால் ரொசேர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை விளக்கு எரிந்ததும் அவன் பதறியடித்துப் படியேறி வந்தான்.

"என்ன ஆச்சு?"

"பட்டாணி சூப் ஆறுது."

"லூசெட், அது விளையாட்டுச் சாமான் இல்ல!"

"பன்னெண்டு வருஷமா தரையைத் தட்டிக் கூப்பிட்டேன், ஒரு தடவையாச்சும் சூடா சாப்பிட்டியா?"

பார்லரில் இருந்த மூன்று பெண்களும் ரொசேரின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்து சூப் குடித்தான். சூடாக இருந்தது. சாப்பாட்டுக்கு அமுக்குவதில்லை என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் இறங்கினான். அவளும் அந்த வாக்கைக் காப்பாற்றினாள்.

அதனால்தான் அடுத்த சனிக்கிழமை விளக்கு எரிந்தபோது அவன் குழம்பினான். லிஃப்டில் எதிர்வீட்டு ஆசிரியையின் நீல வேன். தலையில் ஒன்றும் இல்லை. குழாய்க்கும் வேனுக்கும் நடுவே நிறைய இடம். க்ளெமான் ஜாக்கிரதையாகச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான். வேன் இடுப்பளவு உயரத்தில் நின்றது.

ரொசேர் மேலே போனான். லூசெட் கையில் சாயக் கிண்ணத்தோடு, தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை என்ன?"

"இடது பக்கம் சத்தம் வரல."

"என்ன சத்தம்?"

"டக் டக்னு வருமே. வண்டி ஏற ஏற ரெண்டு பக்கமும் வரும். கண்ணாடிக்குக் கீழ ஒண்ணு, தலை அலசுற தொட்டிக்குக் கீழ ஒண்ணு. எப்பவும் கேக்குறேன். இன்னைக்குத் தொட்டிப் பக்கம் மட்டும்தான் வருது."

ரொசேர் உடனே கீழே இறங்கினான். ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு இரும்பு நாக்கு உண்டு. வண்டி ஏறும்போது அது பல்லுக்குப் பல் தாவி விழும். மோட்டார் தள்ளும் எண்ணெயின் அழுத்தம் கைவிட்டாலும் அந்த நாக்குதான் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அது விழும் சத்தம்தான் டக் டக். வேனைக் கைப்பிடியால் மெல்ல, மிக மெல்லத் தரைக்கு இறக்கினான். இடது தூணின் மூடியைக் கழற்றினான். நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்து கிடந்தது. நாக்கு பல்லைத் தொடாமல் விலகி நின்றது.

க்ளெமான் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த முறை பூசைப் பாத்திரம் எதையும் இழுக்காமல், "மச்சான், நீ இப்போ அடியில போயிருப்ப," என்றான்.

"ஆமா."

லூசெட் பின்னாலேயே இறங்கி வந்திருந்தாள். ரொசேர் ஒடிந்த துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"எனக்கு அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றான். "தூண்ல கை வச்சு அதிர்வை வச்சுப் பாத்துக்குவேன். வலது தூண்ல கை வச்சா ரெண்டும் சரியா இருக்கிற மாதிரியே இருக்கும்."

"தெரியும்," என்றாள் லூசெட்.

"எது?"

"உனக்குக் கேக்கலைங்கிறது. நீ கேக்குற மாதிரி தலையாட்டுறதும்." ஸ்பிரிங் துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். "மேல ஒருத்தங்க தலையில சாயம் காயுது. ஸ்பிரிங் எப்போ வரும்?"

"செவ்வாக்கிழமை."

"ரெண்டு பக்கத்துக்கும் வாங்கு."

புது ஸ்பிரிங்குகள் வந்தன. ரொசேர் அதோடு நிற்கவில்லை. யாரும் கேட்காமலேயே மேலே இன்னொரு பொத்தான் வைத்தான், பச்சை நிறத்தில். கீழே அதற்கு ஒரு பச்சை விளக்கு. இரண்டு பக்கமும் சத்தம் கேட்டது என்று லூசெட் அமுக்கினால் விளக்கு எரியும். எரியாமல் அவன் வண்டிக்கு அடியில் காலை வைப்பதில்லை. சனிக்கிழமைக் கூட்டம் இதை வேடிக்கை பார்க்கவே சீக்கிரம் வந்தது. அக்காவிடம் அனுமதிச் சீட்டு வாங்கினாயா என்று க்ளெமான் ஒவ்வொருவரையும் கேட்டான். ரொசேர் அவனையும் அடுத்த வண்டியின் டயரை உருட்டச் சொல்லி வேலை வாங்கினான். பார்லரிலோ, வண்டி ஏறத் தொடங்கினால் பேச்சு தானாக நிற்கும். நான்கைந்து பெண்கள், பாதி நறுக்கிய முடியும் சுருட்டிய முடியுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைக் கவனிப்பார்கள். டக், டக். "ரெண்டும் வந்துச்சு!" என்று முதலில் சொல்வது மதாம் மால்டேயாகத்தான் இருக்கும். லூசெட் பச்சையை அமுக்குவாள். கத்தரிக்கோல் மறுபடி பேசத் தொடங்கும்.

நவம்பர் கடைசிக்குள் தெருவில் எல்லா வண்டிக்கும் பனிக்கால டயர் ஏறிவிட்டது. லிஃப்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று லூசெட் ஒன்றும் சொல்லவில்லை. ரொசேரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே என்று தள்ளிப்போட்டான்.

கடைசி சனிக்கிழமை, முதல் பனி தூறிக்கொண்டிருந்த மதியம், அவன் கராஜைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது லூசெட் கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். கையில் அவளுடைய சின்ன சிவப்புக் காரின் சாவி. அந்தக் கார் இதுவரை ஒருமுறைகூட அந்த லிஃப்டில் ஏறியதில்லை. ஒவ்வொரு வருடமும் ஊருக்குள் இருக்கும் கடைக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று, காசு கொடுத்துத்தான் டயர் மாற்றிக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், நான் என் முடியை நானே வெட்டிக்கிறேனா என்பாள். ரொசேர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டான். ஆனால் அவள் கார் கடைக்குப் போகும் நாளில் அவன் கராஜ் கதவை மூடியே வைத்திருப்பான்.

"கடையில திங்கக்கிழமைதான் இடம் இருக்காம்," என்றாள். "பனி அதுவரைக்கும் காத்திருக்காது."

"டயர் எங்க?"

"பின் சீட்டுல. நாலும்."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். காரை உள்ளே கொண்டுவந்து, நான்கு கைகளையும் அடியில் சரிபார்த்து நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை உதைத்துப் பார்த்தான். வழக்கமாக ஒரு தடவைதான் உதைப்பான்.

"நான் மேல போறேன்," என்றாள் லூசெட். "மெதுவாத் தூக்கு. பார்லர்ல யாரும் இல்ல, நான் மட்டும்தான்."

அவள் படியேறும் தடத்தில் பனி படிந்துகொண்டிருந்தது. ரொசேர் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, விளக்குகளைப் பார்த்தபடி நின்றான். சிவப்புக் கார் தரையை விட்டு எழுந்தது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம். நிறுத்தினான். காத்திருந்தான். பச்சை எரிந்தது. மழைக்காலத்தில் ஒட்டிய சேறெல்லாம் சக்கரங்களின் உள்பக்கம் இறுகிக் கிடப்பது தெரிந்தது. கடைக்காரன் எதையும் கழுவியதில்லை போல என்று முணுமுணுத்துக்கொண்டே, சுரண்டியை எடுத்துக்கொண்டு அடியில் போனான்.